மாத்திரை வெளியீட்டு விழா

மாத்திரைக்குள் இருக்கும் மருந்து வெளியே வர வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும்? வயிற்றைக் கேட்டால் போதும் என்று நினைத்திருந்தாள் ஒருத்தி. படித்தவள்தான், பெரிய படிப்பு. ஆனால் ஒரு நிறுவனத்தில் குப்பை கொட்ட என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அது அவளுக்குத் தெரியாது. பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நாள் முழுக்க ஆய்வகத்திலேயே கிடந்தால் உலகம் எங்கே புரியும்?

அவள் வேலை பார்த்த மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஏழு மாடி. ஆராய்ச்சி ஒரு மாடியில் நடந்தது. மற்ற மாடிகளில் ஆராய்ச்சியைப் பற்றிய வேலைகள் நடந்தன. அந்த மாடிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மாத்திரைக்காரி. நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவள் மாத்திரை செய்ய இறங்கியதற்குக் காரணம் அவளுடைய அண்ணன். அண்ணன் சொந்தமாக ஒரு சலூன் வைத்திருந்தார். அந்தக் கத்தரிக்கோல் சம்பாத்தியத்தில்தான் தங்கை படித்தாள். சில வருடங்களாக அண்ணனுக்குக் கை நடுக்கம். அதற்கு மாத்திரை இல்லாமல் இல்லை. பழைய மாத்திரை, நல்ல மாத்திரைதான். ஒரே கோளாறு, விழுங்கியதும் இருக்கிற மருந்தையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடும். கொஞ்ச நேரம் கை அசையாமல் நிற்கும், அதற்குள் இரண்டு பேருக்கு முடி வெட்டிவிடலாம். மூன்றாவது ஆள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த மாத்திரைக்கு நேரமாகியிருக்காது. அண்ணன் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பதுபோல நடிப்பார். பேப்பரும் சேர்ந்து ஆடும். ஒருநாள் இந்த மனிதர் கடையை ஒரேயடியாகப் பூட்டிவிடுவாரோ என்று மாத்திரைக்காரிக்குப் பயம்.

அதனால் அதே மருந்தை நாள் முழுக்க நிதானமாக விடுகிற மாத்திரை ஒன்றைச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தாள். களிமண்ணை எடுத்தாள். களிமண் என்றால் இளக்காரம் வேண்டாம். நுணுகிப் பார்த்தால் அதற்குள் அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள் இருக்கும். அந்த அடுக்குகளின் நடுவே மஞ்சள் நிற மருந்தை ஒளித்துவைத்து, கடற்பாசியிலிருந்து எடுத்த பிசினால் சுற்றிக் கட்டினாள். வயிற்றுக்குள் போனதும் பிசின் ஊறி உப்பும். உப்பிய பிசின் வழியாக மருந்து மெதுவாக நழுவி வரும். மண்ணால் தனியாக இது முடியாது, பிசினாலும் முடியாது, இரண்டும் கலந்தால்தான் முடியும். சேர்ந்து வேலை செய்வது என்பது அந்தக் கட்டடத்தில் அந்த மாத்திரைக்குள் மட்டும்தான் நடந்தது.

முதலில் செய்ததெல்லாம் குப்பைக்கூடைக்குப் போயிற்று. ஒரு தடவை காயவைக்கிற சூட்டில் கோட்டை விட்டதில் ஒரு டப்பா மாத்திரை அப்படியே கல்லாகிவிட்டது, அதை மூலையில் தூக்கிப் போட்டாள். கடைசியில் ஒரு வழியாகச் சரியாக வந்தது. வெந்நீர்த் தொட்டிக்குள் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், அவற்றில் வயிற்றுக்குள் இருப்பதுபோலப் புளித்த நீர், அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும் துடுப்புகள். இதுதான் சோதனை எந்திரம். மாத்திரையைப் போட்டாள். காலையில் போட்டது, பொழுது சாயும்வரை மருந்தைச் சீராக விட்டுக்கொண்டே இருந்தது. மாத்திரைக்காரி தனியாக நின்று சிரித்தாள்.

மருத்துவமனைக்கு அனுப்ப அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதினாள். 'மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் மாத்திரை' என்று தலைப்பு. வெளியே போகும் கடிதங்களின் தமிழைத் திருத்தும் மொழி அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"கசியுறதுன்னா ஓட்டைக் குழாய் மாதிரி இருக்கேம்மா. நிறுவனத்துக்குன்னு ஒரு கௌரவம் வேண்டாமா?"

"எப்படி வேணா மாத்திக்குங்க சார்" என்றாள் அவள்.

அவர் கண்ணை மூடி யோசித்து, கசிவை அடித்துவிட்டு, 'கட்டுப்படுத்தப்பட்ட வெளியீடு' என்று எழுதினார். அங்கே பிடித்தது சனி.

தபால் பிரிவில் தலைப்பைப் பார்த்தார்கள். வெளியீடு என்று இருக்கிறது, கட்டுப்பாடு என்றும் இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஏழாவது மாடியில் இருந்த வெளியீட்டுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது. நிறுவனத்திலிருந்து வெளியாகும் அறிக்கை, புத்தகம், கருத்து எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது அந்தக் குழுவின் வேலை. கடைசியாக எதை வெளியிட்டார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. கட்டுப்பாடு மட்டும் ஒரு குறையுமில்லாமல் நடந்துவந்தது.

குழு அவளை அழைத்தது. நீள மேஜை, நடுவில் தலைவர், பக்கத்தில் சட்ட ஆலோசகர், இரண்டு பேருக்கும் முன்னால் மூடி வைத்த தண்ணீர் டம்ளர்.

"நல்ல தலைப்பு" என்று ஆரம்பித்தார் தலைவர். "எங்க கொள்கையைப் புரிஞ்சுக்கிட்டு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க, சந்தோஷம். சரி, யார் வெளியிடுறது?"

"மாத்திரைதான் சார்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாத்திரையா? மாத்திரைக்கு அந்த அதிகாரத்தை யாரும்மா குடுத்தது?"

"அதிகாரம்னு இல்ல சார். வயித்துக்குள்ள போனதும் அது தானா வெளிய வரும்."

"தானா" என்று முணுமுணுத்த சட்ட ஆலோசகர், 'தன்னிச்சையாக' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"ஒரேயடியா இல்ல சார், நாள் பூரா."

'நாள் முழுவதும் தன்னிச்சையாக' என்று திருத்தினார் அவர்.

மாத்திரைக்காரி குறுக்கிட்டாள். "சார், இது அந்த வெளியீடு இல்ல. மருந்து மாத்திரையை விட்டு வெளிய வர்றது. புத்தகம் வெளியிடுறது வேற."

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான்மா சொல்றாங்க. நம்ம நூலகர் ஒருநாள் பழைய பேப்பரைத் தூக்கி வெளிய போட்டார். கேட்டா, இது வெளியீடு இல்ல, குப்பைங்கிறார். குப்பையா இல்லையான்னு முடிவு பண்ண வேண்டியது யாரு? குழு. நான் இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்ல இருந்து என் கையெழுத்து இல்லாம ஒரு தாள் வெளிய போனதில்ல. கையெழுத்துப் போட்ட தாளும் அவ்வளவா போனதில்ல. வெளிய போனாத்தானேம்மா தப்பு கண்டுபிடிப்பாங்க? உள்ளேயே இருக்கிற வரைக்கும் நம்ம நிறுவனத்துல தப்பே கிடையாது. இந்தப் பேரை அவ்வளவு சுலபமாவா சம்பாதிச்சோம்?"

சட்ட ஆலோசகர் கண் கலங்கித் தலையாட்டினார்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், மொழி அதிகாரியின் கைக்குத் தப்பிய ஒரு வரி இருந்தது: 'முதல் மணி நேரத்தில் சிறிதளவு கசிவு உண்டு.' கசிவு! குழு கொதித்துப் போயிற்று. அனுமதி கொடுப்பதற்கு முன்பே விஷயம் வெளியே கசிந்திருக்கிறது, அதுவும் முதல் மணி நேரத்திலேயே. யார் கசியவிட்டது? மாத்திரைக்காரியோடு டீ குடித்தவர்கள், வணக்கம் சொன்னவர்கள் எல்லாரும் விசாரிக்கப்பட்டார்கள். நல்ல மாத்திரைகள் மொத்தமும் ஆய்வக அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டு, பூட்டின்மேல் அரக்கு முத்திரை விழுந்தது. பூட்டுவதற்கு முன் எடுத்துவைத்த ஒரு மாத்திரையைக் கண்ணெதிரே குடுவையில் போடச் சொல்லி, எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளியையும் உட்காரவைத்தார்கள்.

காவலாளி நல்ல மனிதர், கண்ணை மூடாமல் பார்த்தார். "கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேங்கய்யா" என்று குழுவிடம் சொன்னார். "ஒரு பயலும் வெளிய போகல. தண்ணிதான் லேசா மஞ்சளாச்சு."

மஞ்சளானது பற்றித் தனி விசாரணைக்கு உத்தரவாயிற்று.

இதற்கு நடுவில் மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா போன் செய்தார். அண்ணனுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். புதிய மாத்திரைக்காகப் பேர் கொடுத்த நோயாளிகளின் வரிசையில் முதல் பெயரே அண்ணனுடையது.

"என்னம்மா, மாத்திரை வருமா வராதா? வெள்ளிக்கிழமையோட எங்களுக்குக் கெடு முடியுது. அதுக்குள்ள வரலைன்னா வேற மருந்துக்கு இடத்தைக் குடுத்துடுவாங்க. அப்புறம் எப்போன்னு என்னால சொல்ல முடியாது. உங்க அண்ணன் தினமும் போன் பண்ணிக் கேக்கறார்."

மாத்திரைக்காரி ஏழாவது மாடிக்கு ஓடினாள். தலைவர் இரக்கமில்லாதவர் அல்ல. "நாங்க என்ன வேண்டாம்னா சொல்றோம்? வெளியீடு பூரணமா கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கணும். குடுவையில போட்டா ஒரு பொட்டு வெளிய வரக் கூடாது. அப்படி ஒண்ணைக் காட்டு, அந்த நிமிஷமே கையெழுத்து."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேரே கீழே வந்தாள். சூட்டில் கல்லாகிப்போன டப்பா மூலையில் கிடந்தது. இதைக் காட்டுவோம், கையெழுத்து வாங்குவோம், அப்புறம் நல்ல மாத்திரையை அனுப்பிவிடுவோம் என்று கணக்குப் போட்டாள். மாத்திரை செய்யத் தெரிந்த மூளை, கோப்பு விஷயத்தில் பால் குடிக்கும் குழந்தை.

குழு மொத்தமும் ஆய்வகத்துக்கு இறங்கி வந்தது. கல் மாத்திரைகள் குடுவைக்குள் விழுந்தன. துடுப்பு சுழன்றது, காலையிலிருந்து சாயங்காலம்வரை சுழன்றது. தண்ணீர் பளிங்குபோல அப்படியே இருந்தது. தலைவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுதாம்மா கட்டுப்பாடு!" என்றார். "உள்ள அவ்வளவு விஷயம் இருக்கு, ஒண்ணையாவது வெளிய விடுதா பாருங்க! இதை நம்ம அதிகாரிங்க எல்லாருக்கும் காட்டணும்."

அங்கேயே கையெழுத்துப் போட்டார். மாத்திரைக்காரி தாளை வாங்கிக்கொண்டு மெல்ல அலமாரிப் பக்கம் நகர்ந்தாள். சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார்.

"அனுமதி இந்தக் குடுவையில இருக்கிற மாத்திரைக்குத்தான். அலமாரியில இருக்கிறது கசிவு வழக்குல இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை நாங்களே அனுப்பிடுறோம், நீங்க கவலைப்படாதீங்க."

தன் கையாலேயே தனக்குக் குழி வெட்டிக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணனுக்குக் கல்லைக் கொடுக்கப் போகிறார்கள். கொடுப்பதற்கு வழி செய்தவள் அவளே.

வெளியீடு என்றால் விழா வேண்டாமா? வியாழக்கிழமை விழா. அரங்கு முழுக்கப் பூந்தொட்டி, மேடையில் வெல்வெட் துணி விரித்த தட்டு, தட்டில் வெள்ளிக் காகிதம் சுற்றிய ஒற்றை மாத்திரை. முதல் பிரதியை நோயாளி ஒருவர் பெற்றுக்கொள்வது சிறப்பாக இருக்கும் என்று தலைவருக்குத் தோன்றியிருந்தது. வரிசையில் முதல் பெயர் யாருடையது? அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பழைய மாத்திரையைப் போட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தம்மாவுக்கு என்ன தெரியும், புது மாத்திரை வருகிறது என்றுதான் நினைத்தார். மாத்திரைக்காரி அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். கடைசி நிமிடத்திலாவது தலைவரைச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பி, சொல்லாமல் விட்டிருந்தாள்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். பிறகு வரவேற்புரை, முன்னுரை, முன்னுரைக்கு நன்றியுரை. அண்ணனின் கைகள் முதலில் மடிக்குள் ஆடின. பிறகு மடியில் அடங்கவில்லை. ஒரு கையை இன்னொரு கையால் பிடிக்கப் பார்த்தார், இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

பேசிக்கொண்டிருந்த தலைவர் திரும்பிப் பார்த்தார். "பாருங்க, பாருங்க! நோயாளியே கை தட்டுறார்!"

அரங்கமே கை தட்டியது. அண்ணன் நிறுத்த முடியாமல் தவித்தார், அவர் நிறுத்தாததால் மற்றவர்களும் நிறுத்தவில்லை. உற்சாகமடைந்த தலைவர், பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மாத்திரைக்காரியால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து மேடைக்குப் பின்னால் ஓடினாள். கைப்பையில் அண்ணனுடைய பழைய மாத்திரை எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து டம்ளரின் அடியால் நசுக்கி, தண்ணீரில் கலக்கி, தானே மேடைக்குக் கொண்டுபோய் அண்ணன் வாயில் பிடித்தாள். வெல்வெட் தட்டில் இருந்த கல்லை அந்தத் தண்ணீரோடு அண்ணன் விழுங்கினார். கேமராக்கள் மின்னின.

பேச்சுகள் தொடர்ந்தன. சட்ட ஆலோசகரின் நன்றியுரை பாதியில் இருக்கும்போது அண்ணனின் கைகள் அடங்கின. அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"கேக்குதுங்க" என்றார். "என் தங்கச்சி செஞ்ச மருந்து கேக்குதுங்க. இனிமே என் கடைக்கு நீங்க பயப்படாம வரலாம்."

மாத்திரைக்காரி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்திலிருந்தவர்கள் கைக்குட்டை கொடுத்தார்கள். தலைவர் தலைகால் புரியாமல் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"நாளைக்குக் காலையில இவர் கடையில, இவர் கையால நான் ஷேவ் பண்ணிக்கப் போறேன்! பத்திரிகைக்காரங்க எல்லாரும் வந்துடணும்!"

வீட்டுக்கு நடக்கும்போது அவள் எல்லாவற்றையும் அண்ணனிடம் கொட்டினாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"அப்ப நான் முழுங்கினது?"

"கல்லுண்ணே. களிமண் கல்லு."

"காலையில வந்துடும்ல?"

"வந்துடும்."

"அதுக்கும் இவங்க கையெழுத்துப் போடணுமா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணன் சிரிக்கவில்லை. "அந்த நல்ல மாத்திரையை அலமாரியில இருந்து எடுக்கணும்னா என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தலைவர் கையெழுத்து. உத்தரவு தயாரா என் பையிலதான் இருக்கு. எத்தனையோ தடவை நீட்டிட்டேன்."

"நாளைக்கு அதை எடுத்துட்டு வா. காலையில நான் பழைய மாத்திரை போடல."

"அண்ணே!"

"டாக்டரம்மா போடக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க?" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை காலை சலூனில் நிற்க இடமில்லை. பத்திரிகைக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் தொற்றிக்கொண்டு கேமராவை நீட்டினார்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணன் அவர் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். முடிச்சுப் போடவே நேரமாயிற்று. பிரஷ் எடுத்தார், நுரை கன்னத்தில் கொஞ்சமும் மூக்கில் கொஞ்சமும் மீதி சட்ட ஆலோசகரின் கோட்டிலும் விழுந்தது. தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் சவரக்கத்தியை விரித்தார். கழுத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் பிடித்திருந்தார், தொழில் தெரிந்தவர். ஆனால் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு அந்த ஒரு முழம் தெரியாது. கத்தி ஆடுவதுதான் தெரியும். அதன் வெளிச்சம் சுவரெல்லாம் தாவியது.

தலைவரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது. வாயை அசைக்காமல் பக்கத்தில் நின்ற மாத்திரைக்காரியிடம் கேட்டார். "என்னம்மா இது?"

"எது சார்?"

"மாத்திரை வேலை செய்யுதுல்ல?"

"அதை நான் எப்படி சார் சொல்றது? கருத்து வெளியிடணும்னா குழுவோட அனுமதி வேணுமே."

"குடுத்தேன், குடுத்தேன். சொல்லு."

"அதுல இருந்து ஒரு பொட்டு மருந்து வெளிய வராது சார். நீங்க கேட்ட மாதிரியே செஞ்சது. வெளிய வர்ற மாத்திரை, நீங்க முத்திரை வச்ச அலமாரியில இருக்கு."

"சார், பேசாதீங்க. தாடை அசையுது" என்றார் அண்ணன், கத்தியோடு அருகில் வந்து.

எழுந்து ஓடினால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். ஓடாவிட்டாலும் வந்துவிடும், வேறு பக்கத்தில். மாத்திரைக்காரி பையிலிருந்து உத்தரவை எடுத்துத் துணிக்கு அடியில் நீட்டினாள்.

"குழு கூடாம எப்படிம்மா..."

"கூடுங்க சார். அவசரமே இல்ல. அண்ணே, நீங்க ஆரம்பிங்க."

"கூடியாச்சு!" என்று கத்தினார் தலைவர். "குழு கூடியாச்சு!"

"ஒருமனதா நிறைவேறியாச்சு சார்" என்றார் சட்ட ஆலோசகர், வாசற்படியில் நின்றபடி.

மாத்திரைக்காரி பேனாவைக் கொடுத்தாள். தலைவர் துணியை விலக்கி, தொடையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோடு தாண்டி இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள்.

அண்ணன் கத்தியை மடக்கி வைத்தார். தலைவரின் கையைப் பார்த்தார். பேனா இன்னும் விரல்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா சார் இப்படி இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார்.